ஒருவருக்காக நின்ற சக்கரம்



இலண்டனில் வாழும் பிள்ளைகளையோ சகோதரர்களையோ காணச் சென்று திரும்பும் எம்மவர் கொண்டுவரும் புகைப்படங்களில் ஒன்று பெரும்பாலும் தவறாமல் இருக்கும். தேம்ஸ் நதிக்கரையில் வானத்தை வளைத்து நிற்கும் ஒரு வெண்ணிறச் சக்கரத்தின் முன்னால் குடும்பமாக நின்று எடுத்த படம் அது. 'இலண்டன் ஐ' என அழைக்கப்படும் அந்த இராட்சதச் சக்கரத்தில் சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது குடும்பமும் ஏறியது. அங்கே கற்ற பாடம் ஒன்றை இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

டேவிட் மார்க்ஸ், ஜூலியா பார்ஃபீல்ட் என்னும் கட்டடக் கலைஞர்களான கணவனும் மனைவியும் வடிவமைத்த அச்சக்கரம், 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் உயரம் 135 மீற்றர். முட்டை வடிவிலான 32 கண்ணாடிக் கூண்டுகள் அதில் உள்ளன. ஒவ்வொரு கூண்டிலும் 25 பேர் வரை ஏறலாம். திறக்கப்பட்டபோது உலகிலேயே மிக உயரமான காட்சிச் சக்கரமாக அது விளங்கியது. அப்பெருமை நெடுநாள் நிலைக்கவில்லை. 2006இல் சீனாவின் நான்சாங் நகரமும், 2008இல் சிங்கப்பூரும் அதனை விஞ்சின. 2021இல் துபாயில் திறக்கப்பட்ட சக்கரம் 250 மீற்றர் உயரமானது. உயரத்திற்கான மனிதனின் போட்டி இவ்வாறுதான் தொடர்கின்றது.

எனினும் அருகில் சென்று பார்ப்பவரை வியக்க வைப்பது அதன் மெதுவான ஓட்டமே. செக்கனுக்கு ஏறக்குறைய 26 சென்ரிமீற்றர் மட்டுமே அது நகர்கின்றது. ஒரு சுற்று முடிய அரை மணி நேரம் செல்லும். இவ்வளவு மெதுவாகச் சுழல்வதால், ஆட்களை ஏற்றவும் இறக்கவும் அது வழமையாக நிற்பதில்லை. கூண்டு நகர்ந்துகொண்டிருக்கும்போதே உள்ளே இருப்பவர்கள் இறங்க, வெளியே நிற்பவர்கள் ஏறிக்கொள்கின்றார்கள்.

எம்மோடு வந்திருந்த அம்மாவுக்கு அப்போது 78 வயது. முழங்கால் நோவினால் அவரது நடை தளர்ந்திருந்தது. அந்தப் பயணம் முழுவதிலும் நாங்கள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தோம். பார்க்க வேண்டிய இடம் வந்ததும், நிழலான ஒரு வாங்கைத் தேடி அம்மாவை இருத்துவோம். தண்ணீர்ப் போத்தலைக் கையில் கொடுப்போம். பின்னர் நாங்கள் விரைந்து சென்று பார்த்துவிட்டு வருவோம். அம்மா ஒருநாளும் முறைப்பட்டதில்லை. கையில் செபமாலையோடு அமைதியாகக் காத்திருப்பார். அதுவே அவருக்கு வசதி என்று நாங்கள் நம்பியிருந்தோம். அப்படி நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது என்பதே உண்மை.

அன்றும் அவ்வாறே சக்கரத்தின் அருகில் வந்ததும், "நான் கீழ இருக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ" என்றார். உயரம் என்றால் அம்மாவுக்குப் பயம் என எண்ணி நாங்களும் உடன்பட்டோம். ஆனால் எனது தம்பியின் மகள், பதினொரு வயதுச் சிறுமி, விடவில்லை. "அப்பம்மா, உங்களுக்கு ஏற விருப்பம் இல்லையா?" என்று நேரடியாகவே கேட்டாள். அம்மா சற்றுத் தயங்கி, "விருப்பம்தான் பிள்ளை. ஆனால் அது நிற்காதாமே. என்னால உங்கள் எல்லாருக்கும் கரைச்சல்" என்றார்.

அன்பர்களே, அத்தனை நாட்களாக அம்மா அஞ்சியது உயரத்திற்கு அல்ல, எங்களுக்குப் பாரமாகிவிடுவதற்கே என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். வளர்ந்த பிள்ளைகளாகிய நாங்கள் கேட்கத் தவறிய கேள்வியை ஒரு சிறுமி கேட்டாள்.

அவளே சென்று அங்கிருந்த பணியாளரிடம் விடயத்தைக் கூறினாள். எமது முறை வந்தபோது அவர் கையை உயர்த்திச் சைகை காட்டினார். அந்த மாபெரும் சக்கரம் நின்றது! அம்மா எனது தோளைப் பற்றியபடி, அவசரம் ஏதுமின்றி உள்ளே அடியெடுத்து வைத்தார். கதவு மூடியதும் சக்கரம் மீண்டும் சுழலத் தொடங்கியது. முதியவர்களுக்காகவும் உடற்குறைபாடு உள்ளவர்களுக்காகவும் அதனை இவ்வாறு நிறுத்துவது அங்கே வழமை என்பதைப் பின்னர் அறிந்துகொண்டோம்.

ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். கூண்டுகள் அனைத்தும் நிறைந்திருந்தால் அதில் 800 பேர் இருப்பார்கள். தளர்ந்த கால்களையுடைய ஒரு மூதாட்டி ஏறுவதற்காக அவர்கள் அனைவரும் நடுவானில் காத்திருக்கின்றார்கள். எதற்காக நின்றது என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. அதனால் எவருடைய பயணமும் கெட்டுவிடவில்லை. தொலைந்த ஓர் ஆட்டுக்காக ஏனைய தொண்ணூற்றொன்பதையும் விட்டுச்செல்லும் ஆயனின் உவமையைச் சிறுவயது முதல் கேட்டு வருகின்றோம். அதன் சாயலை அன்று ஓர் இரும்புச் சக்கரத்தில் கண்டேன்.

நாங்கள் உச்சியை அடைந்தபோது அம்மா கூண்டின் நடுவே இருந்த வாங்கிலிருந்து எழுந்து, கண்ணாடியருகே வந்து கீழே நோக்கினார். நதிக்கரையில் சென்றவர்கள் சிறு புள்ளிகளாய்த் தெரிந்தார்கள். "ஒருத்தருடைய முகமும் தெரியேல்லை" என்றவர், சற்றுநேரம் கழித்துத் தமக்குத் தாமே சொல்வதுபோல, "அதுக்குத்தானே அவர் இறங்கி வந்தவர்" என்றார். மனுவுருவாதல் என்னும் மறைபொருளை விளக்கும் மறையுரைகள் பல கேட்டிருக்கின்றேன். அந்த ஒரு வசனம் அவற்றையெல்லாம் எனக்குத் தெளிவாக்கியது.

இறங்கி வந்த அவர், இம்மண்ணில் எவ்வாறு நடந்தார்? எரிகோ நகரைவிட்டு அவர் புறப்பட்ட வேளையைப் புனித மாற்கு விவரிக்கின்றார் (மாற்கு 10: 46-52). பெருங்கூட்டம் அவரோடு செல்கின்றது. எருசலேமும் சிலுவையும் அவருக்கு முன்னே உள்ளன. அவரைவிட முக்கியமான பயணம் எவருக்கு இருந்திருக்க முடியும்? வழியோரத்தில் அமர்ந்திருந்த பார்வையற்ற பர்த்திமேயு கூவி அழைக்கின்றான். பேசாதிருக்கும்படி பலர் அவனை அதட்டுகின்றார்கள். இயேசுவோ நின்றுவிடுகின்றார். அவர் நின்றதும் அந்தக் கூட்டம் முழுவதும் நிற்கின்றது. அதட்டியவர்களே இப்போது அவனுக்குத் துணிவு கூறி அழைத்து வருகின்றார்கள். ஒருவர் நின்றால் மற்றவர்களும் நிற்கக் கற்றுக்கொள்வார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அச்சக்கரத்திலிருந்து பார்க்கையில் நதியின் மறுகரையில் பிரித்தானிய நாடாளுமன்றக் கட்டடத் தொகுதி தெரிகின்றது. அதனுள் வெஸ்ட்மினிஸ்டர் மண்டபம் என்னும் பழமையான மண்டபம் இன்றும் உள்ளது. 1535ஆம் ஆண்டில் புனித தோமஸ் மோர் விசாரிக்கப்பட்டு மரண தண்டனை பெற்றது அங்கேதான். அதே மண்டபத்தில் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை அவரது மருமகன் எழுதி வைத்துள்ளார். 1529இல் தோமஸ் மோர் இங்கிலாந்தின் தலைமை அமைச்சருக்கு ஒப்பான உயர் பதவியை ஏற்றார். அவரது வயோதிபத் தந்தை அப்போது அதே மண்டபத்தில் இயங்கிய மற்றொரு நீதிமன்றில் நீதிபதியாக இருந்தார். மகன் தமது ஆசனத்திற்குச் செல்லும் வழியில், தந்தை ஏற்கனவே அமர்ந்திருப்பதைக் கண்டால், அங்கேயே நின்று, எல்லோரும் காண முழந்தாளிட்டு, அவருடைய ஆசீரைப் பெற்ற பின்னரே அப்பால் செல்வாராம். நாட்டின் அலுவல்கள் யாவும் காத்திருக்க, மகன் தந்தையின் முன் நின்றார். எமது அலுவல்கள் அவரது அலுவல்களைவிடப் பெரியவையா?

"நின்று செல்ல எங்கே நேரம்?" என நீங்கள் கேட்கலாம். வேலை, பாடசாலை, தனியார் வகுப்பு, பயணம் என வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கின்றது என்பது மெய்யே. ஆனால் அன்று அச்சக்கரம் நின்றது ஒரு நிமிடத்திற்கும் குறைவாகவே இருக்கும். எமது இல்லங்களில் முதியவர்கள் கேட்பதும் பெரும்பாலும் அவ்வளவே. மாலைச் செபத்தில் அவர்களது குரலும் இணையும் வகையில் சற்று மெதுவாகச் சொல்வதற்கு எவ்வளவு நேரம் செல்லும்? ஞாயிறு காலையில் "நீங்கள் வீட்டிலேயே இருந்து செபியுங்கள்" எனக் கூறுவதற்கு முன், "வர விருப்பமா?" எனக் கேட்பதற்கு எவ்வளவு நேரம் செல்லும்? வெளிநாட்டிலிருந்து அழைப்பெடுக்கும் பிள்ளைகள், பணம் கிடைத்ததா, மருந்து எடுத்தீர்களா என்ற கேள்விகளுக்கு அப்பால் இன்னும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கலாம் அல்லவா?

இங்கே இன்னொன்றையும் கூறவேண்டும். பல குடும்பங்களில் முதியவருக்காக நிற்பவர் ஒருவர் மட்டுமே. அது பெரும்பாலும் ஒரு மகளாகவோ மருமகளாகவோ இருக்கும். மற்றவர்கள் தத்தம் வேகத்தில் சென்றுகொண்டிருக்க, அவர் மட்டும் தனித்து நின்று களைத்துப்போகின்றார். இது நீதியன்று. சக்கரம் நிற்கும்போது ஒரு கூண்டு மட்டும் நிற்பதில்லை, முழுச் சக்கரமுமே நிற்கின்றது. அவ்வாறே குடும்பம் முழுவதும் அந்தப் பொறுப்பில் பங்கெடுக்க வேண்டும். பங்குச் சமூகமும் அப்படியே. படிகளில் ஏற முடியாதவர்கள் வருவதற்கு எமது ஆலயத்தில் வழி இருக்கின்றதா என்பதையும் பார்த்துக்கொள்வோம்.

தொடக்க நூலில் ஏசா தன் சகோதரன் யாக்கோபை உடன்வர அழைக்கின்றான். யாக்கோபோ, பிள்ளைகள் இளையவர்கள், ஒரே நாளில் விரைந்து ஓட்டினால் மந்தையும் தாங்காது, அவர்களால் நடக்கக்கூடிய வேகத்திலேயே நான் மெல்ல வருவேன் எனப் பதிலளிக்கின்றான் (தொ.நூ. 33: 12-14). குடும்பத்தின் வேகத்தை நிர்ணயிக்க வேண்டியவர் அதிலுள்ள மிகவும் வலுக்குறைந்தவரே என்பது விவிலியம் கூறும் ஞானம்.

அம்மா இன்று இறைவனில் துயில்கொள்கின்றார். அந்தப் பயணத்தில் நாம் எடுத்த புகைப்படங்களை அண்மையில் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். கோட்டையின் முன், அரண்மனையின் முன், பாலத்தின் மேல் என ஏராளமான படங்கள். அவை எதிலும் அம்மா இல்லை. எங்கோ ஒரு வாங்கில் எமக்காகக் காத்திருந்திருப்பார். சக்கரத்தின் உச்சியில் எடுத்த ஒரேயொரு படத்தில்தான் அவர் எம்மோடு நிற்கின்றார். அதற்காக அந்தச் சிறுமிக்கு நான் என்றும் நன்றியுடையவன்.

உங்கள் இல்லத்திலும் ஏதோ ஒரு வாங்கில் ஒருவர் காத்திருக்கக்கூடும். இவ்வாரமே அவரிடம் சென்று, அவருடைய விருப்பம் என்ன என்று கேளுங்கள்.

செபிப்போம்: எமக்காக விண்ணிலிருந்து இறங்கி வந்த ஆண்டவரே, வழியோரத்துக் குரலுக்காக நின்றவரே, எமது ஓட்டத்தின் நடுவே நின்று பார்க்க எமக்குக் கற்றுத்தாரும். எமது முதியவர்கள் தம்மைப் பாரமாகக் கருதாதபடி, அவர்களை அன்போடு தாங்கும் தோள்களாய் எம்மை மாற்றியருளும். ஆமென்.