அப்பாவின் +0530

மின்மடல் மென்பொருட்கள் எல்லாம் நம்மகிட்ட ரொம்ப மரியாதையா நடந்துக்குதுங்க. உலகத்தின் எந்த மூலையிலிருந்து மடல் வந்தாலும் நம்ம ஊர் நேரத்துக்கு மாத்தித்தான் காட்டும். ஆக்லாந்துல உக்காந்து படிக்கிறவனுக்கு ஆக்லாந்து நேரம். நல்லதுதானேன்னு கேப்பீங்க. பாதி நல்லது. மீதிப் பாதிக்குத்தான் இந்தப் புலம்பல்.

ஒவ்வொரு மடலுக்கும் நம்ம கண்ணுக்குக் காட்டாத தலைப்புப் பகுதி ஒண்ணு இருக்கு. அதுல தேதிக்குன்னு ஒரு வரி. 2008ல வந்த ஆர்எஃப்சி 5322 (இதுக்குத் தாத்தா 1982ல வந்த ஆர்எஃப்சி 822) என்ன சொல்லுதுன்னா, அனுப்புறவர் தன் ஊர் நேரத்தை எழுதி, அது உலகப் பொது நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்குன்னு பக்கத்துலயே குறிக்கணும். இந்தியான்னா +0530. இங்கே கோடையில் +1300, குளிர்காலத்தில் +1200. ஆக அந்த ஒரே வரியில ரெண்டு சங்கதி: எந்தக் கணத்தில் எழுதினார், அப்போ அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் என்ன காட்டுச்சு. மென்பொருள் முதலாவதை எடுத்துக்கிட்டு ரெண்டாவதை ஒளிச்சு வெச்சிடுது.

போன நவம்பர்ல அப்பாகிட்டேருந்து காலை 10:10க்கு ஒரு மடல். கரண்ட் பில் கட்டியாச்சு, ரெண்டு நாளா மழை, உடம்பைப் பாத்துக்கோ. வழக்கமான மடல்தான். மூலத்தைத் திறந்தா 02:40 +0530ன்னு இருக்கு. நடுராத்திரி ரெண்டு நாப்பதுக்கு மனுஷன் கரண்ட் பில் பத்தி எழுதிட்டிருக்கார்! அந்த வாரத்து மடல்களை எல்லாம் திறந்து பார்த்தேன். ஒரு மணி, மூணு மணி, ரெண்டரை. அம்மாவுக்குப் போன் போட்டு நோண்டினப்புறம்தான், முதுகுவலியில அப்பா சரியாத் தூங்கிப் பத்து நாளாச்சுன்னு வெளியே வந்தது. "உனக்குப் பரீட்சை, சொல்ல வேண்டாம்னுட்டார்டா."

அவர் சொல்லலை. அந்த +0530 சொல்லிடுச்சு.

உள்ளூர் நேரமே வேண்டாம்னு நான் சொல்லலை. மட்னு ஒரு பழைய மென்பொருள் இருக்கு, கருப்புத் திரை ஆசாமிகள் பயன்படுத்துறது. அதோட பட்டியல்ல, நாமளா மாத்தாத வரைக்கும், அனுப்பினவர் ஊர்த் தேதிதான் தெரியும். இங்கேருந்து பார்த்தா காலையில வந்த மடலுக்கு நேத்துத் தேதி! வரிசைப்படுத்த உள்ளூர் நேரம் வேணும்தான். பக்கத்துல சின்னதா "அங்கே 02:40"ன்னு போட்டா என்ன குறைஞ்சிடும்? ஜிமெயில்லயே ஒரு காலத்துல, அனுப்பினப்போ அங்கே மணி என்ன, இப்போ என்னன்னு காட்டுற வசதி இருந்துச்சுங்க. தூக்கிட்டாங்க.

இதைவிடக் கொடுமை பதில் மடல். ஜிமெயில்ல பதில் போட்டா, 'இன்னார் இத்தனை மணிக்கு எழுதினார்'னு பழைய மடலுக்கு மேல ஒரு வரி சேருமே, அது பதில் போடுறவர் ஊர் நேரம். எந்த ஊர்னு குறிப்பே கிடையாது. சென்னை, டொராண்டோ, ஆக்லாந்துன்னு மூணு பேர் பேசினா ஒரே மடலுக்கு மூணு மணி.

சிலர் தான் எங்கே இருக்கோம்னு காட்ட விரும்ப மாட்டாங்க, நியாயம்தான். அலுவலக மடல்கள் பலதுல வெறும் +0000 தான் வருது. ஆனா அனுப்பினவரே எழுதி அனுப்பினதை என் மென்பொருள் எதுக்கு மறைக்கணும்? அது வெறும் எண் இல்லீங்க. 1996ல இலங்கை அரசு கடிகாரத்தைத் தள்ளி வெச்சப்போ புலிகள் பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்துச்சு. 2006ல கொழும்பு +0530க்குத் திரும்புற வரைக்கும், சோதனைச் சாவடியைத் தாண்டினா மணியே வேற.

இப்போதைக்கு வழி இதுதான்: கணினியில ஜிமெயிலைத் திறந்து, மடலுக்கு மேலே இருக்கிற மூணு புள்ளியை அமுக்கி, மூலத்தைக் காட்டச் சொல்லுங்க. கைப்பேசிச் செயலியில அதுவும் கிடையாது.