ஒரு பிடி உரம் வேண்டாமே!

குட்டீஸ், ரோஜாத் தொட்டியில் ஒரு பிடி பொட்டாஷ் போட்டால் பூ கொட்டோ கொட்டென்று கொட்டும் என்று நினைக்கிறீர்களா? வேண்டவே வேண்டாம்!

பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்கு நெருங்கிய சொந்தம். மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டால் தண்ணீர் விடுகிறதல்லவா? மண்ணில் உப்பு அதிகமானால் வேருக்கும் அதே கதிதான். ஈரத்தில் நின்றபடியே செடி தாகத்தில் வாடும். இலை ஓரம் கருகும். மண்மேல் வெள்ளையாகப் படியும். இதைப் பார்த்து, 'சத்துக் குறைவு' என்று இன்னொரு பிடி போடுகிறவர்களும் உண்டு; பாவம் அந்தச் செடி!

வயலில் மழை பெய்து உப்பைக் கீழே கொண்டுபோகும். சின்னத் தொட்டியில் உப்பு எங்கே போகும்? அதனால் தொட்டிச் செடிக்கு மட்கிய எருவே போதும் என்பேன்.

ஏற்கெனவே உரத்தைக் கொட்டிவிட்டீர்களா? அடித்துளை வழியாக வடியும்வரை நல்ல தண்ணீரை இரண்டு, மூன்று முறை ஊற்றுங்கள்.