தனி வாக்காளர் திறந்த கதவுகளும் நாடாளுமன்றம் சாத்திய கதவுகளும்

தலைநகரில் உள்ள கிழக்கு கிட்வாய் நகர், மத்திய அரசு ஊழியர்கள் பெருமளவில் வசிக்கும் குடியிருப்பு. அரசியல்வாதிகளைப் பற்றி இங்குள்ளவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு நாட்டின் வேறு பகுதியினருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அமைச்சகக் கோப்புகள் இவர்களின் கைகள் வழியாகவே செல்கின்றன. ஆனால், அதிருப்தியை வெளிப்படுத்தும் வாய்ப்பு மிகக் குறைவாக உள்ளவர்களும் இவர்களே.

மத்திய அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் (1964) 5-வது விதியின்படி, அரசு ஊழியர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது. யாருக்காகவும் பிரசாரம் செய்யக் கூடாது. வாக்களிக்கலாம், ஆனால், யாருக்கு வாக்களித்தார் என்பதைக் குறிப்பாகக்கூட உணர்த்தக் கூடாது. அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிப்பதற்கும் தடை உண்டு. மேலும், கிழக்கு கிட்வாய் நகர் புதுதில்லி நகராட்சிக் கவுன்சிலின் எல்லைக்குள் வருகிறது. 1994-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த அந்தக் கவுன்சிலுக்குத் தேர்தலே கிடையாது. எனவே, குப்பை அள்ளப்படவில்லை என்றாலும் தண்ணீர் வரவில்லை என்றாலும் தோற்கடிப்பதற்கு அங்கு ஒரு வார்டு உறுப்பினர் இல்லை. மக்களவைக்கும் சட்டப்பேரவைக்கும் அளிக்கும் இரண்டு வாக்குகள் மட்டுமே கையில் உள்ளன.

பிடிக்காத அரசியல்வாதிக்கு எதிராக ஒரு தனி வாக்காளர் என்ன செய்ய முடியும் என்ற கேள்வியை இங்கிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். வாயைத் திறக்க முடியாத ஒருவருக்குப் பயன்படும் கருவி எதுவோ, அதுவே எல்லோருக்கும் பயன்படும்.

49-ஓ முதல் நோட்டா வரை:

2013-ஆம் ஆண்டு வரை, யாருக்கும் வாக்களிக்க விரும்பாதவருக்கு இருந்த ஒரே வழி, தேர்தல் நடத்தை விதிகள் 1961-இன் 49-ஓ பிரிவு. வாக்குச்சாவடி அதிகாரியிடம் சென்று, வாக்களிக்க விரும்பவில்லை என்று தெரிவித்து, 17-ஏ படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அருகிலேயே எல்லாக் கட்சிகளின் முகவர்களும் அமர்ந்திருப்பார்கள். வாக்கின் ரகசியம் அந்த இடத்திலேயே போய்விடும். கிராமத்து விவசாயத் தொழிலாளிக்கு இதில் அச்சம். தில்லி அரசு ஊழியருக்கோ நடத்தை விதி பற்றிய தயக்கம்.

இதை எதிர்த்து மக்கள் குடிமை உரிமைக் கழகம் 2004-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தலைமை நீதிபதியாக இருந்த தமிழகத்தைச் சேர்ந்த பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு, 2013 செப்டம்பர் 27-இல் தீர்ப்பளித்தது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் "மேற்கண்ட எவரும் இல்லை" என்ற பொத்தான் அதன்பிறகே வந்தது. அந்த ஆண்டு இறுதியில் நடைபெற்ற தில்லி உள்ளிட்ட சட்டப்பேரவைத் தேர்தல்களில் நோட்டா முதல்முறையாகப் பயன்பாட்டுக்கு வந்தது.

ரகசியம் கிடைத்தது, அதிகாரம் கிடைக்கவில்லை. நோட்டா எத்தனை வாக்குகள் பெற்றாலும், வேட்பாளர்களில் அதிக வாக்குகள் பெற்றவரே வென்றவர். 2014 மக்களவைத் தேர்தலில் நீலகிரி தொகுதியில் நோட்டாவுக்கு 46,559 வாக்குகள் பதிவாகி, மூன்றாம் இடம் கிடைத்தது. 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் பாஜக பெற்றதைவிட நோட்டா அதிக வாக்குகள் பெற்றது. 2024-இல் இந்தூரில், காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டதால், 2,18,674 பேர் நோட்டாவை அழுத்தினர். அங்கு பாஜக வேட்பாளர் பெற்றது 12,26,751 வாக்குகள். சூரத்திலோ அதே தேர்தலில் பாஜக வேட்பாளர் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிக்கப்பட்டதால் வாக்குப்பதிவே நடைபெறவில்லை. நோட்டாவை அழுத்தும் வாய்ப்புகூட வாக்காளருக்குக் கிடைக்கவில்லை.

மகாராஷ்டிரம், ஹரியாணா மாநிலத் தேர்தல் ஆணையங்கள் 2018-இல், உள்ளாட்சித் தேர்தலில் நோட்டா முதலிடம் பெற்றால் மறுதேர்தல் நடத்தலாம் என உத்தரவிட்டன. மக்களவைக்கும் சட்டப்பேரவைக்கும் அந்த விதி இல்லை.

மொடக்குறிச்சி முதல் நிஜாமாபாத் வரை:

வாக்களிக்க மறுப்பதற்குப் பதிலாக வேட்பாளராகவே இறங்கிவிடுவது மற்றொரு வழி. 1996 சட்டப்பேரவைத் தேர்தலில் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில், கோரிக்கைகள் புறக்கணிக்கப்பட்டதைக் கண்டித்து விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனு தாக்கல் செய்தனர். களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். வாக்குப்பதிவு தள்ளிவைக்கப்பட்டது, வாக்குச்சீட்டு புத்தகமாக அச்சிடப்பட்டது. முடிவில் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேர் போட்டியிட்டனர்.

நாடாளுமன்றம் என்ன செய்தது? அந்த விவசாயிகள் எழுப்பிய கோரிக்கைகளைவிட, வேட்பாளர்களின் எண்ணிக்கையே அதற்குப் பெரிதாகத் தெரிந்தது. 1996-லேயே சட்டம் திருத்தப்பட்டு, மக்களவைக்கான வைப்புத்தொகை 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும், சட்டப்பேரவைக்கு 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும் உயர்ந்தது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி சாராத வேட்பாளருக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. 2010 முதல் இத்தொகை முறையே 25,000 ரூபாய், 10,000 ரூபாய்.

ஆயினும், 2019-இல் தெலங்கானாவின் நிஜாமாபாத் மஞ்சள் விவசாயிகள் அந்தத் தொகையைக் கட்டியே களமிறங்கினர். மொத்த வேட்பாளர்கள் 185 பேர். அவர்களில் 170-க்கும் மேற்பட்டோர் விவசாயிகள். அப்போதைய முதல்வர் சந்திரசேகர ராவின் மகளும் அத்தொகுதி உறுப்பினருமான கவிதா தோற்றார். அவர்கள் கேட்ட தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில் நிஜாமாபாதில் தொடங்கப்பட்டது. இது ஒருவரின் கோபத்தால் நடந்ததல்ல. ஓர் ஊரே சேர்ந்து வைப்புத்தொகை கட்டியதால் நடந்தது.

செருப்பும் சாட்சியமும்:

தனி ஒருவரின் கோபம் எதுவரை செல்லும் என்பதற்கும் தலைநகரில் ஓர் உதாரணம் உண்டு. 2009 ஏப்ரல் 7-இல், அப்போதைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரத்தின் செய்தியாளர் கூட்டத்தில், 1984 சீக்கியர் படுகொலை வழக்கு பற்றிக் கேள்வி எழுப்பிய பத்திரிகையாளர் ஜர்னைல் சிங், பதிலில் நிறைவடையாமல் அவரை நோக்கிச் செருப்பை வீசினார். அடுத்த சில நாள்களிலேயே ஜெகதீஷ் டைட்லர், சஜ்ஜன் குமார் இருவரையும் காங்கிரஸ் போட்டியிலிருந்து விலக்கியது.

செருப்பு வேலை செய்தது என்று அப்போது பலர் பேசினர். ஆனால், அது பறித்தது ஒரு தேர்தலின் வேட்பாளர் வாய்ப்பை மட்டுமே. சஜ்ஜன் குமாரைச் சிறைக்கு அனுப்பியது, குடும்பத்தினரை இழந்தும் மிரட்டலுக்குப் பணியாமல் சாட்சியம் சொன்ன பெண்களின் உறுதி. 2013-இல் விசாரணை நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2018 டிசம்பர் 17-இல் நீதிபதி எஸ். முரளிதர் தலைமையிலான தில்லி உயர் நீதிமன்ற அமர்வு அதை ரத்து செய்து, ஆயுள் முழுவதும் சிறைத் தண்டனை விதித்தது. சம்பவம் நடந்து 34 ஆண்டுகள் கடந்திருந்தன. பதவியில் உள்ளவர்மீது கை ஓங்குவது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அதனால் வழக்கு ஓர் அங்குலம்கூட நகராது என்பதையும் இது காட்டுகிறது.

மனுவின் வலிமை:

கடந்த கால் நூற்றாண்டில் அரசியல்வாதிகளை உண்மையிலேயே அச்சுறுத்தியவை, பதவி எதுவும் இல்லாத குடிமக்கள் தாக்கல் செய்த மனுக்கள்தான். வேட்பாளர்கள் தங்கள் குற்ற வழக்குகளையும் சொத்துக் கணக்கையும் வெளியிட வேண்டும் என்ற நிலையை உருவாக்கியது, ஆமதாபாத் மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் சிலர் தொடங்கிய ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம். 2002 மே 2-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைப் பிறப்பித்ததும், எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் எதிர்த்தன. அதை நீர்த்துப்போகச் செய்யும் அவசரச் சட்டத்தைக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் ஒருமுறை திருப்பி அனுப்பினார்; மீண்டும் வந்தபோது கையெழுத்திட நேர்ந்தது. 2003 மார்ச் 13-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் 33-பி பிரிவைச் செல்லாததாக்கியது.

இரண்டாவது உதாரணம், வழக்குரைஞர் லில்லி தாமஸ் தொடுத்த வழக்கு. இரண்டாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்ற உறுப்பினர், மேல்முறையீடு செய்துவிட்டு பதவியில் தொடர வழிசெய்த 8(4) பிரிவை 2013 ஜூலை 10-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதைத் தடுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த அவசரச் சட்டம், ராகுல் காந்தியின் பகிரங்க எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. லாலு பிரசாத் மக்களவை உறுப்பினர் பதவியை இழந்தார். 2014-இல் தமிழகத்தின் டி.எம். செல்வகணபதி மாநிலங்களவைப் பதவியையும், ஜெயலலிதா முதல்வர் பதவியையும் இழந்தது அதே தீர்ப்பின் விளைவே. 2023-இல் ராகுல் காந்தியின் பதவியும் அதே தீர்ப்பால் பறிபோய், தண்டனை நிறுத்திவைக்கப்பட்டபின் திரும்பக் கிடைத்தது.

மூன்றாவது, 2006-இல் எழுந்த ஆதாயம் தரும் பதவி விவகாரம். குடியரசுத் தலைவருக்கு வந்த ஒரு புகார் மனுவால் ஜெயா பச்சன் மாநிலங்களவைப் பதவியை இழந்தார். அடுத்த சில நாள்களில் சோனியா காந்தி தாமாகவே மக்களவைப் பதவியைத் துறந்து, ரே பரேலியில் மீண்டும் போட்டியிட்டார். நாடாளுமன்றம் உடனே பல பதவிகளுக்கு முன்தேதியிட்டு விலக்களித்து மசோதா நிறைவேற்றியது. அதையும் கலாம் திருப்பி அனுப்பினார். மாற்றமின்றி மீண்டும் நிறைவேற்றப்பட்டது.

மூன்றிலும் தென்படுவது ஒரே போக்கு. குடிமகன் ஒரு கதவைத் திறந்தவுடன், அவையின் இருபுறமும் அமர்ந்திருப்பவர்கள் சேர்ந்து அதைச் சாத்த முயல்கிறார்கள். வேறெந்த விவகாரத்திலும் காணக் கிடைக்காத ஒற்றுமை இது.

தேனி காட்டிய வழி, காட்டிய தடை:

சாதாரண வாக்காளருக்கு மிக நெருக்கமான கருவி, தேர்தல் வழக்கு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 81-வது பிரிவின்படி, தோற்ற வேட்பாளர் மட்டுமல்ல, அத்தொகுதியின் எந்த வாக்காளரும் முடிவு அறிவிக்கப்பட்ட 45 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். அவர் அன்று வாக்களித்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சட்டம் கேட்கும் பிணைத்தொகை 2,000 ரூபாய். வழக்குரைஞர் செலவு வேறு.

2019 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தில் அதிமுக வென்ற ஒரே தொகுதி தேனி. அங்கு வென்ற ஓ.ப. ரவீந்திரநாத்துக்கு எதிராகத் தொகுதி வாக்காளர் ஒருவர் தொடுத்த வழக்கில், பிரமாணப் பத்திரத்தில் சொத்து விவரம் மறைக்கப்பட்டதாகக் கூறி, 2023 ஜூலை 6-இல் சென்னை உயர் நீதிமன்றம் வெற்றியைச் செல்லாது என அறிவித்தது. கட்சிப் பின்னணி பார்க்காமல், ஒரு வாக்காளரின் மனுவை நீதிமன்றம் ஏற்றது. ஆனால், அதற்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தீர்ப்புக்குத் தடை விதித்தது. உறுப்பினரின் பதவிக் காலமும் முடிந்துவிட்டது.

ராதாபுரத்திலும் அதே நிலைதான். 2016-இல் 49 வாக்குகளில் முடிவான தொகுதியில், 2019-இல் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிடப்பட்டது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்த நிலையில் 2021-இல் அடுத்த தேர்தல் வந்துவிட்டது. தேர்தல் வழக்கை ஆறு மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்று 86-வது பிரிவு கூறுகிறது. அப்பிரிவை யாரும் திருத்தத் தேவையில்லை. தாமதமே அதைச் செயலற்றதாக்கிவிடுகிறது.

சாட்சியத்தைத் திரட்டுவதும் கடினமாகி வருகிறது. வாக்குச்சாவடிக் காட்சிப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிட முடியாதபடி, 2024 டிசம்பரில் 93-வது விதி திருத்தப்பட்டது. 45 நாள்களுக்குள் வழக்கு இல்லையெனில் அப்பதிவுகளை அழித்துவிடலாம் என்று 2025 மே மாதம் தேர்தல் ஆணையம் அறிவுறுத்தியது. பதிவுகள் தவறாகப் பயன்படுத்தப்படுகின்றன என்பது ஆணையத்தின் விளக்கம். வழக்குத் தொடுக்கப் பதிவு வேண்டும். பதிவு தப்பிப் பிழைக்க வழக்கு வேண்டும் என்ற நிலையில் வாக்காளர் என்ன செய்வார்?

எஞ்சியிருப்பவை:

உறுப்பினரைத் திரும்ப அழைக்கும் உரிமை நமக்கு இல்லை. 1974-இல் சி.கே. சந்திரப்பன் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை வாஜ்பாய் ஆதரித்தும் அது நிறைவேறவில்லை. 2016-இல் வருண் காந்தி கொண்டுவந்ததும் அப்படியே. நம் நாடாளுமன்ற முறைக்கு முன்மாதிரியான பிரிட்டன், 2015-இல் வரையறுக்கப்பட்ட அளவில் அந்த உரிமையைச் சட்டமாக்கி, 2019-இல் பயன்படுத்தியும் விட்டது.

இன்றைய சட்டப்படி ஒரு வாக்காளர் செய்யக்கூடியவை சில உள்ளன. வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தைப் படித்து, உண்மையுடன் ஒப்பிடலாம். பொய்யெனில், ஆறு மாதச் சிறைக்கு வழிசெய்யும் 125-ஏ பிரிவின்கீழ் நீதிமன்றத்தை அணுகலாம். பணப் பட்டுவாடாவைக் கண்டால் தேர்தல் ஆணையத்தின் 'சி-விஜில்' செயலியில் படத்துடன் புகார் செய்யலாம். முடிவு வந்த 30 நாள்களில் வேட்பாளர் தாக்கல் செய்யும் செலவுக் கணக்கை, ஒரு ரூபாய்க் கட்டணத்தில் மாவட்டத் தேர்தல் அதிகாரி அலுவலகத்தில் பார்வையிடலாம். 45-ஆவது நாளுக்குள் உயர் நீதிமன்றம் செல்லலாம்.

இவை எதிலும் முழக்கம் இல்லை, ஊர்வலம் இல்லை. கோப்பு, தேதி, கையெழுத்து, நகல் ஆகியவையே தேவை. அந்த வேலையில் கிட்வாய் நகர்வாசிகளைவிடத் தேர்ந்தவர்கள் எவருமில்லை. பணியில் இருக்கும்வரை விதிகள் அவர்களைக் கட்டுப்படுத்துகின்றன. ஆண்டுதோறும் ஓய்வுபெற்று ஊர் திரும்பும் தமிழர்களுக்கு அந்தத் தடை இல்லை. தங்கள் தொகுதி உறுப்பினரின் பிரமாணப் பத்திரத்தை ஒரு கோப்பைப் போல வரிவரியாகப் படிக்கும் ஓர் ஓய்வூதியர் ஒவ்வொரு தொகுதியிலும் இருந்தால், வேட்பாளர்கள் அதை நிரப்பும்போது இரண்டு முறை யோசிப்பார்கள்.

வழக்குகளைப் பதவிக் காலத்துக்குள் முடிக்கும் பொறுப்பு நீதிமன்றங்களுடையது. அதற்கென உயர் நீதிமன்றங்களில் தனி அமர்வும் காலவரையறையும் கேட்டு யாரேனும் வழக்குத் தொடுத்தால், அடுத்த கதவு திறக்கக்கூடும். அதைச் சாத்த நாடாளுமன்றம் என்ன மசோதா கொண்டுவருகிறது என்பதை அப்போது பார்க்கலாம்.