தீயணைப்புப் பணி: தன்னார்வலர் துணையாகலாம், மாற்றாக முடியாது

புது தில்லி: தீ விபத்தில் உயிரிழப்பின் அளவைத் தீர்மானிப்பவை முதல் சில நிமிடங்களே. அந்த நிமிடங்களுக்குள் தீயணைப்பு வாகனம் சென்றடைய முடியாத பகுதிகள் நாட்டில் ஏராளம். இந்த இடைவெளியைப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கொண்டு நிரப்பலாம் என்ற கருத்து மத்திய அரசிடமும் சில மாநிலங்களிடமும் வலுப்பெற்று வருகிறது. கருத்து நல்லதுதான், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு.

மத்திய உள்துறை அமைச்சகத்துக்காகக் கடந்த பத்தாண்டின் தொடக்கத்தில் ஆர்.எம்.எஸ்.ஐ. நிறுவனம் நடத்திய ஆய்வின்படி, நாட்டுக்குத் தேவையான தீயணைப்பு நிலையங்கள் 8,559. அப்போது இருந்தவை 2,987 மட்டுமே. பின்னர் புதிய நிலையங்கள் திறக்கப்பட்டாலும், நகரங்கள் அதைவிட வேகமாக வளர்ந்துவிட்டன.

பற்றாக்குறைக்கு நிர்வாக அமைப்பும் ஒரு காரணம். அரசமைப்புச் சட்டத்தின் 12-வது அட்டவணை, தீயணைப்புப் பணியை நகராட்சிகளின் பொறுப்புகளில் ஒன்றாகச் சேர்த்துள்ளது. தமிழகம், கேரளம் போன்ற மாநிலங்களில் இது அரசுத் துறையாக இயங்குகிறது. மும்பை, ஆமதாபாத் போன்ற நகரங்களில் மாநகராட்சியே நடத்துகிறது. நிதி வசதியற்ற சிறிய நகராட்சிகளிடம் இப்பொறுப்பு விடப்படும்போது, முதலில் வெட்டப்படுவது ஆள் நியமனமே.

15-வது நிதிக் குழுவின் பரிந்துரைப்படி, தீயணைப்புப் பணிகளை விரிவுபடுத்தி நவீனமாக்க ரூ. 5,000 கோடி திட்டத்தை மத்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கியது. இதில் வடகிழக்கு, இமயமலை மாநிலங்கள் 10 சதவீதமும் மற்றவை 25 சதவீதமும் தம் பங்காகச் செலுத்த வேண்டும். இந்த நிதியில் வண்டி வாங்கலாம். அதை ஓட்டுபவருக்கு ஓய்வு பெறும்வரை ஊதியம் தர வேண்டியது மாநிலம்தான். அங்கேதான் தயக்கம் தொடங்குகிறது. தன்னார்வலர்களின் பக்கம் பார்வை திரும்புவதும் அங்கேதான்.

தன்னார்வலர்களால் பயனில்லை என்று கூறிவிட முடியாது. 2019 மே மாதம் சூரத் பயிற்சி மையத்தில் நேரிட்ட தீ விபத்தில் 22 பேர் உயிரிழந்தபோது, கட்டடத்தின் மீது ஏறிச் சிலரைக் காப்பாற்றியவர் சாதாரணக் குடிமகன் ஒருவர். விபத்து நடந்த இடத்தில் முதலில் இருப்பவர் எப்போதும் அக்கம்பக்கத்தாரே. அவர்களுக்குப் பயிற்சி அளிப்பது அறிவுடைய செயல்.

அதை எவ்வாறு செய்வது என்பதில்தான் வேறுபாடு. 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளம், தனது 124 தீயணைப்பு நிலையங்களிலும் தலா 50 பேர் வீதம் 6,200 பேர் கொண்ட குடிமைப் பாதுகாப்புப் படையை அமைக்க முடிவு செய்தது. பயிற்சி அளிப்பதும், அழைப்பதும், களத்தில் வழிநடத்துவதும் ஒரே துறை. மத்திய அரசின் 'ஆப்த மித்ரா' திட்டமோ 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்கு 12 நாள் பயிற்சி என்ற இலக்குடன் 2021-ல் விரிவாக்கப்பட்டது. வெள்ளம், புயல், நிலச்சரிவு, நிலநடுக்கம் ஆகியவையே அதன் முதன்மை நோக்கம். புகை சூழ்ந்த அடுக்குமாடிக்குள் சுவாசக் கருவியுடன் நுழையும் திறன் 12 நாளில் வந்துவிடாது.

தன்னார்வத் தொண்டு மலிவான வேலையாக மாறிய முன்னுதாரணமும் நம்மிடம் உண்டு. 1946-ல் பம்பாயில் தோன்றி, 1962 சீனப் போருக்குப் பின் நாடெங்கும் சீரமைக்கப்பட்ட ஊர்க்காவல் படை, தொண்டு அமைப்பு என்ற பெயரில் அன்றாடக் காவல் பணிக்குப் பயன்படுத்தப்பட்டது. பணி நிரந்தரம் கோரிய அப்படையினரின் கோரிக்கையை 2015-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எனினும், காவலர்களின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு இணையான படித்தொகை தர உத்தரவிட்டது. அதற்கு அவர்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

அதே தவறு தீயணைப்பிலும் நிகழக் கூடாது. தன்னார்வலர்களை அருகிலுள்ள நிலையத்துடன் இணைக்க வேண்டும். ஆண்டுதோறும் மறுபயிற்சியும், காயமுற்றால் முழுமையான காப்பீடும் உறுதியாக வேண்டும். கூட்டத்தை விலக்குதல், மக்களை வெளியேற்றுதல், முதலுதவி ஆகியவற்றோடு அவர்களது பணி நிற்க வேண்டும். ஒவ்வொரு நிலையமும் அழைப்பு வந்த நேரம், வாகனம் சென்றடைந்த நேரம், காலியிடங்கள் ஆகியவற்றை வெளியிட்டால், தன்னார்வலர் எங்கே துணையாக இருக்கிறார், எங்கே வீரருக்குப் பதிலாக நிறுத்தப்படுகிறார் என்பது மக்களுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கணக்கை வெளியிட எத்தனை மாநிலங்கள் முன்வரும் என்பதே கேள்வி.