அடைப்பு என்னும் ஒற்றைச் சொல்

திருப்பதியில் நான் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டின் சமையலறைச் சிங்க் மூன்று வாரங்களாக ஒலியெழுப்பிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவிய நீர் இறங்கி முடியும் தறுவாயில் 'களக் களக்' என்றோர் ஓசை. அதன்பின் மெல்லிய நாற்றம். வீட்டு உரிமையாளரான அம்மையார் சித்தூர்த் தமிழர். "அடைப்புதான் தம்பி, ஆசிட் ஊத்து, சரியாப்போகும்" என்றார். இருமுறை ஊற்றினேன். மூக்கு எரிந்தது, ஓசை நிற்கவில்லை.

மூன்றாம் முறை ஊற்றுமுன் குழாய்த் தொழிலாளி ஒருவரை அழைத்தேன். அவர் சிங்கிற்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத் தெலுங்கில் சொன்னார்: "காலி லேது சார், நீள்ளு எலா போத்தாயி?" குழாய் காலியாக இல்லை, நீர் எப்படிப் போகும் என்று நான் பொருள் கொண்டேன். ஆகவே அடைப்பேதான் என்று முடிவு செய்தேன். அவர் சொன்னதோ வேறு. தெலுங்கில் முதலெழுத்து ஒலிப்புடைய ககரமாக வரும் அச்சொல்லுக்குக் காற்று என்று பொருள். வெறுமையைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லோ ளகரத்தோடு வருவது. சொல்லின் முதலில் வரும் வல்லினத்தின் ஒலிப்பு வேறுபாட்டைப் பொருட்படுத்தாத என் தமிழ்ச் செவி, காற்றைக் காலியாக்கிவிட்டது. மொழியியலில் முதுகலை முடித்தவன் நாணவேண்டிய இடம் அது. ஆனால் அந்தப் பிழையே இப்பதிவை எழுத வைத்தது.

சிங்கின் அடியில் உள்ள வளைவிலோ கிண்ணத்திலோ எப்போதும் சிறிது நீர் நிற்கும். சாக்கடையின் வாயுவும் கரப்பான் பூச்சியும் வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கும் பூட்டு அந்த நீர்தான். 1775இல் இலண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கைவினைஞர் தம் கழிப்பறை அமைப்புக்குக் காப்புரிமை பெற்றபோது, இந்த வளைவும் அதில் இடம்பெற்றிருந்தது. எளிய ஏற்பாடுதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: குழாய்க்குள் காற்று தடையின்றி வந்துபோக வேண்டும். இறங்கும் நீர் தனக்கு முன்னுள்ள காற்றைத் தள்ளுகிறது; தனக்குப் பின்னே அழுத்தக் குறைவை உண்டாக்குகிறது. காற்றுக்கு வேறு வழி இல்லையெனில், அது அந்த நீர்ப்பூட்டைத் துளைத்துக்கொண்டு வருகிறது. அந்தத் துளைத்தலே நாம் கேட்கும் ஓசை. சில வேளைகளில் பூட்டு நீரே உறிஞ்சப்பட்டுவிடும். நாற்றம் அப்போது எழுகிறது.

என் வீட்டில் நிகழ்ந்தது இதுதான். சிங்கிலிருந்து வரும் மடிப்புக்குழாய் தேவைக்கு மேல் நீளமாக இருந்தது. அது நடுவில் தொய்ந்து ஒரு வயிறு விட்டிருந்தது. அந்த வயிற்றில் நீர் தேங்கியிருந்தது. அதன் நுனியோ தரையிலுள்ள நானி ட்ராப்பின் நீருக்குள் மூழ்கிக் கிடந்தது. ஒரு பூட்டு இருக்கவேண்டிய பாதையில் மூன்று பூட்டுகள். அவற்றுக்கிடையே சிறைப்பட்ட காற்று. அவர் குழாயை ஒரு சாண் அளவு வெட்டினார், சாய்வாக நிமிர்த்தினார், நுனியை நீர்மட்டத்துக்கு மேலே நிறுத்தினார். சிங்கின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, அதில் உறைந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கை வாளியில் கொட்டினார். அரைமணி நேரம். ஓசை நின்றது.

என் கருத்து இதுவே: நம்மிடம் 'அடைப்பு' என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருப்பதால், எல்லாக் கோளாறும் நமக்கு அடைப்பாகவே தெரிகிறது. அடைப்பு என்று பெயரிட்டவுடன் மருந்தும் முடிவாகிவிடுகிறது: ஆசிட், கொதிநீர், கம்பி. மூச்சுத்திணறல் என்று பெயரிட்டிருந்தால் காற்று எங்கே தடைபடுகிறது என்று கேட்டிருப்போம். சிங்க் நீர் இறங்கும்போது மட்டும் ஓசை எழுந்தால் கோளாறு பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். மேல்தளத்தில் நீர் விடும்போது நம் சிங்க் ஒலித்தால், பொதுக் குழாய்க்குக் காற்று போதவில்லை. மொட்டைமாடிக்குப் போகும் காற்றுக்குழாய் இருக்கிறதா, இருந்தால் அதன் வாயைச் சருகோ பறவைக்கூடோ மூடியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

இது சிறு வீட்டுச் சிக்கல் என்று தள்ளிவிட இயலாது. 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோர் சார்ஸ் நோய்க்கு ஆளாயினர். குளியலறைத் தரைக் குழாய்களின் நீர்ப்பூட்டுகள் வறண்டிருந்தது அந்தப் பரவலுக்கு ஒரு வழியாயிற்று என்று ஆய்வுகள் சுட்டின.

அதைவிட அருகில் இன்னொரு கேள்வி நிற்கிறது. நாம் ஊற்றும் ஆசிட்டும், கம்பியால் குத்தித் தள்ளும் பிசுக்கும் மறைந்துபோவதில்லை. வாசலிலுள்ள சேம்பருக்கும், அங்கிருந்து தெருச் சாக்கடைக்கும் நகர்கின்றன. நம் வீட்டில் தீர்ந்த அடைப்பு தெருமுனையில் பிறக்கிறது. அங்கே அதை எடுக்க யார் இறங்குவார் என்பது நமக்குத் தெரியும். சாக்கடைக்குள்ளும் கழிவுத் தொட்டிக்குள்ளும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அவ்வாறு இறப்போர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சம் ரூபாயிலிருந்து 30 லட்சமாக உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. தொகையை உயர்த்தவேண்டிய நிலை இருந்தது என்பதே, சாவுகள் நிற்கவில்லை என்பதற்குச் சான்று.

வீட்டு உரிமையாளர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. கஞ்சி, மாவு கழுவிய நீர், வறுத்த எண்ணெய் என யாவற்றையும் சிங்கில் கொட்டுபவர்கள் குடியிருப்போராகிய நாம்தாம். என் சிங்கின் கிண்ணத்தில் இருந்ததும் என் சமையலின் எச்சமே. எண்ணெயைத் தாளில் துடைத்துக் குப்பையில் இடுவதற்கு யாருடைய இசைவும் வேண்டியதில்லை. ஆனால் யாத்திரிகரும் மாணவரும் வந்துகொண்டே இருக்கும் இந்நகரில், பழைய குழாயின் மேலேயே தளத்துக்கு மேல் தளம் எழுப்பி, ஒரு வீட்டை நான்கு போர்ஷன்களாகப் பிரித்து வாடகைக்கு விடுவோர் காற்றுக்குழாய்க்கு மட்டும் கணக்குப் பார்க்கலாகாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு குழாய்ப் பணிகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறது. அதைப் பின்பற்றாத வீட்டின் ஓசைக்கு அட்வான்ஸில் பிடித்தம் செய்வது முறையன்று.

குறள் 720 பயன்படுத்தும் 'அங்கணம்' நெல்லைப் பக்கத்து வீடுகளில் இன்றும் வழங்குகிறது. தமிழின் 'தூம்பு'க்கும் தெலுங்கின் 'தூமு'வுக்கும் வேர் ஒன்றே. நீர் போகும் வழிக்கு இத்தனை சொற்களைப் பேணிய நாம், காற்று போகும் வழிக்கு ஒரு சொல்லையும் புழக்கத்தில் வைத்திருக்கவில்லை. அந்த அறிவு குழாய்த் தொழிலாளியின் பேச்சில் இருக்கிறது. அவர் கூலியைக் குறைக்கப் பேரம் பேசும் நாம், அவர் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்பதில்லை. கேட்ட நானும் தவறாகக் கேட்டேன்.

உங்கள் ஊரில் இந்த ஓசைக்கும், மாடிக்குப் போகும் அந்தக் குழாய்க்கும் என்ன பெயர்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஆசிட் புட்டியை எடுக்குமுன் ஒருமுறை குனிந்து பாருங்கள்.