சிறியன காணும் பெரியோர்

கல்லிலும் மரத்திலும் சாம்பல் நிறமாய் ஒட்டிக் கிடப்பதைப் பாசி என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுகின்றோம். தாவரவியலார் அதனை இலைக்கன் என்பர். அது தனியோர் உயிரன்று. பங்கசும் அல்காவும் கூடி நடத்தும் இல்வாழ்க்கை. பங்கசு உறையுளும் ஈரமும் தர, அல்கா ஒளிகொண்டு உணவு சமைக்கின்றது. பாறையிற் படரும் இனங்கள் சில ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றரும் வளர்வதில்லை.

இத்துணை மெல்ல வளர்வதை ஆராய்வார்க்கு அத்துணைப் பொறுமை வேண்டும். அப்பொறுமையோடு வாழ்ந்தவர் லக்னோப் பல்கலைக்கழகத்து அறிஞர் தரணிதர் அவஸ்தி (1922–2011). இந்திய இலைக்கனியலின் தந்தை என அவரைப் போற்றுவர். சுவீடன் நாட்டு முன்னோடி ஆக்காரியசின் பெயரால் வழங்கும் வாழ்நாட் பணிப் பதக்கத்தைப் பன்னாட்டு இலைக்கனியற் கழகம் 1992இல் அவருக்கு அளித்தது.

நாமும் அவருக்குக் கடன்பட்டுள்ளோம். 1965இல் அவர் வெளியிட்ட இலைக்கன் அட்டவணை இந்தியா, நேபாளம், பாக்கிஸ்தான் ஆகியவற்றோடு இலங்கையையும் தழுவியது. 1991இல் வந்த இனங்காண் நூலிலும், எண்பத்தைந்தை அணுகிய முதுமையில் 2007இல் அவர் தந்த தொகுப்பிலும் நம் நாடு இடம்பெற்றது.

இத்தகையோரைப் பாராட்டுவது எங்ஙனம்? பொன்னாடை, மாலை, மலர் வெளியீடு என்பவற்றோடு கடமை முடிந்ததென எண்ணுகின்றோம். ஆடை பெட்டியிற் கிடக்கும். மலர் அலுமாரியில் உறங்கும். அட்டவணை செய்தவர்க்கு உரிய சிறப்பு, அதில் இல்லாத ஒன்றைத் தேடிச் சேர்ப்பதே. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடு தேடி அச்சேற்றியதைப் புகழும் நாம், ஏடு தேடும் கண்ணை மாணவர்க்குத் தந்தோமா?

மயிலிட்டியை நாம் 1990இல் விட்டகன்றோம். 2017இல் ஊரின் ஒரு பகுதி மீண்டபோது, கூரையிழந்த சுவர்களில் இலைக்கன்கள் வட்டம் வட்டமாய்ப் படர்ந்திருந்தன. வீடு கட்டுவோர் சுவரை இடிக்கத்தான் வேண்டும், அதனைக் குறைகூறேன். இடிக்குமுன் மாணவர் ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்து, இடமும் நாளும் எழுதிக் கடதாசி உறையில் இட்டு வைக்கலாகாதா? பெயரைத் துறையறிந்தோர் பின்னர் இடுவர்.

தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர் வினவலாம். சொல்லைக் காப்பது என் தொழில். பெயரறியாப் பொருள் அழியும்போது, இன்னது அழிந்தது என்று சொல்லவும் நமக்குச் சொல் இராது.