பேய்க்காட்டில் பேயாக நிறுத்தப்படுபவர் யார்?

அக்டோபர் பிறந்ததும் அமெரிக்கச் சிற்றூர்ப் பண்ணைகள் பலவற்றில் பகலுக்கு ஒரு வணிகமும் இரவுக்கு ஒரு வணிகமும் நடக்கின்றன. பகலில் பரங்கித் தோட்டமும் சோளக்கொல்லைக்குள் வெட்டிய புதிர்வழியும் குழந்தைகளுக்கு. இருட்டியபின், அந்நிலத்தை ஒட்டிய காட்டுக்குள் செல்லும் ஒற்றையடிப் பாதை நுழைவுச்சீட்டு வாங்கிய இளைஞர்களுக்கு. ஆறேழு பேராக உள்ளே அனுப்புகிறார்கள். முன்னால் போகிறவரின் தோளைப் பின்னால் வருகிறவர் பற்றிக்கொள்கிறார். மரங்களின் அடியைப் புகை மறைத்திருக்கிறது. கண் ஒரு பக்கம் ஈர்க்கப்படும் நேரம் பார்த்து மறுபக்கத்திலிருந்து ஓர் உருவம் பாய்கிறது. கடைசியில், சங்கிலி கழற்றப்பட்ட மரமறுக்கும் ரம்பம் ஒன்று உறுமிக்கொண்டே வாயில்வரை துரத்துகிறது. வெளியே வந்தவர்கள் மூச்சிரைக்கச் சிரிக்கிறார்கள்.

இந்தச் சிரிப்பைப் பற்றி ஆய்வுலகம் அண்மை ஆண்டுகளில் நிறையவே எழுதிவிட்டது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் மத்தியாஸ் கிளாசன் முதலியோர் ‘பொழுதுபோக்கு அச்சம்’ என்ற பெயரில் ஓர் ஆய்வுக்கூடமே நடத்துகிறார்கள். அக்குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பேய்வீட்டுக்கு வந்த 110 பேரின் இதயத் துடிப்பு அளக்கப்பட்டது. அச்சம் மிகக் குறைந்தாலும் இன்பமில்லை, மிக அதிகமானாலும் இன்பமில்லை. நடுவே ஓரிடத்தில்தான் இன்பம் உச்சம் தொடுகிறது என்பது அதன் முடிவு. பிட்ஸ்பர்க் நகரப் பேய்வீடொன்றில் சமூகவியலாளர் மார்ஜி கெர் நடத்திய ஆய்வோ, உள்ளே போய் வந்தவர்களில் பலருக்கு மனநிலை தெளிந்திருந்ததாகச் சொன்னது. இவற்றை மறுக்க வேண்டியதில்லை. போர்வைக்குள் சுருண்டபடி பாட்டியிடம் இன்னொரு பேய்க்கதை கேட்கும் குழந்தைக்கு இந்த உண்மை எப்போதோ தெரியும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. துடிப்பளக்கும் கருவி பார்வையாளரின் உடலில் மட்டும் மாட்டப்பட்டிருக்கிறது. அந்த நெஞ்சைத் துடிக்க வைப்பதற்காக மரத்தின் பின்னால் யாருடைய உருவம் நிறுத்தப்பட்டிருக்கிறது என்பது இந்த ஆய்வுகளின் கேள்வியே இல்லை. இரத்தக்காட்டேரியும் எலும்புக்கூடும் இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றுக்கு அடுத்து வரிசையில் நிற்பவர்களைப் பார்க்க வேண்டும்: கைகளை மடக்கிக் கட்டும் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஓடிவரும் மனநோயாளி; கோணிய உடலும் குழறும் வாயும் கொண்ட ஒருவர்; முகமெங்கும் தழும்பேறிய இன்னொருவர். அச்சத்தில் வாழ்ந்தவர்களை அச்சுறுத்துபவர்களாக மாற்றிக் காட்டுவதே இத்தொழிலின் மலிவான உத்தி. இதை அறியாமல் செய்யும் விளையாட்டு என்று தள்ளிவிடவும் முடியாது.

பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்பிரிங் சிட்டி அருகே பென்ஹர்ஸ்ட் என்றொரு வளாகம் உண்டு. ‘மந்தபுத்தியுடையோர்’ என்று அக்காலம் பெயரிட்டவர்களுக்காகவும் வலிப்பு நோயாளிகளுக்காகவும் 1908இல் மாநில அரசு திறந்த நிறுவனம் அது. அதன் வாழ்நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடைக்கப்பட்டார்கள். அவர்களுள் குழந்தைகள் ஏராளம். 1968இல் பில் பால்டினி என்ற இளம் செய்தியாளர் உள்ளே கேமராவைக் கொண்டுபோனார். ஐந்து பகுதிகளாக ஒளிபரப்பான அச்செய்திப்படத்தில், கட்டில்களில் கட்டிப்போடப்பட்டவர்களையும் செய்ய ஒன்றுமின்றி நாளெல்லாம் ஆடிக்கொண்டே அமர்ந்திருப்பவர்களையும் பிலடெல்பியா நகரம் பார்த்தது. 1974இல் ஹால்டர்மன் வழக்கு தொடுக்கப்பட்டது. 1977இல் நீதிபதி ரேமண்ட் பிராடரிக், அங்கு வாழ்வோரின் உரிமைகள் மீறப்படுவதாகத் தீர்ப்பளித்தார். பணியாளர் பற்றாக்குறை, காயங்கள், அடக்கி வைப்பதற்கே தரப்பட்ட மருந்துகள், உள்ளே வந்தபின் இருந்த திறன்களையும் இழந்த மனிதர்கள் என அத்தீர்ப்பு அடுக்குவதைப் படித்தால் எந்தப் பேய்க்காடும் குழந்தை விளையாட்டாகத்தான் தோன்றும். வழக்கு உச்சநீதிமன்றம்வரை இருமுறை சென்றது. 1987இல் நிறுவனம் மூடப்பட்டது. உள்ளே அடைபட்டிருந்த ரோலண்ட் ஜான்சன் வெளியே வந்து உரிமை இயக்கத் தலைவரானார், தன்வரலாறும் எழுதினார்.

2010இல் அதே கட்டடங்களில் ஹாலோவீன் பேய்வீடு திறக்கப்பட்டது. மாற்றுத்திறனாளர் அமைப்புகளின் எதிர்ப்பு அதைத் தடுக்கவில்லை. ‘பென்ஹர்ஸ்ட் அசைலம்’ என்று பெயரிட்டார்கள். மூடப்பட்டபோது அதன் பெயர் பென்ஹர்ஸ்ட் மையம். அதற்கு முன்பு அரசுப் பள்ளியும் மருத்துவமனையும். ‘அசைலம்’ என்ற சொல்லை ஒட்டவைத்தது நுழைவுச்சீட்டு வணிகம். கட்டிப்போடப்பட்டவர் யார், கட்டியவர் யார் என்று ஒரு நீதிமன்றம் முடிவுசெய்த இடத்தில், கட்டறுத்து வரும் நோயாளியைக் கண்டு அலறுவதற்குக் காசு கொடுக்க வேண்டும்.

‘எல்லாம் கற்பனைதானே, காட்டேரிக்கு யாரும் வருந்துவதில்லையே’ என்பது வழக்கமான பதில். டிராகுலா வாடகைக்கு வீடு தேடுவதில்லை. மனநோயிலிருந்து மீண்டவரும் அறிவுசார் குறைபாடுடையவரும் தேடுகிறார்கள். டெக்சஸ் மாநிலத்தின் கிளெபர்ன் நகரில் அறிவுசார் குறைபாடுடைய பதின்மூன்று பேர் சேர்ந்து வாழ ஓர் இல்லம் கேட்டபோது, நகராட்சி அதை ‘மந்தபுத்தியுடையோர் மருத்துவமனை’ என்று வகைப்படுத்திச் சிறப்பு அனுமதியை மறுத்தது. அக்கம்பக்கத்தாரின் அச்சமும் அதற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று. 1985இல் உச்சநீதிமன்றம் அந்த மறுப்பை நீக்கியது. வெறுப்பும் ஆதாரமற்ற அச்சமும் ஒருவரை விலக்கிவைக்கப் போதுமான காரணங்கள் ஆகா என்றது. அச்சம் எங்கோ ஓரிடத்தில் கற்றுக்கொள்ளப்படுகிறது. அப்படிக் கற்றுத்தரும் இடங்களுள் ஒன்றுக்கு நுழைவுக் கட்டணமும் உண்டு.

கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி பண்ணையில் 2016இல் நடந்தது இதற்குச் சான்று. பேய் பிடித்த மனநோயாளி ஒருவரை மையமாக்கிய மெய்நிகர் கேளிக்கைக்கு 5150 என்ற எண்ணையே பெயரில் சேர்த்திருந்தார்கள். ஒருவரை அவர் விருப்பமின்றி மனநலக் காவலில் வைக்க வழிசெய்யும் அம்மாநிலச் சட்டப்பிரிவின் எண் அது. மனநல அமைப்புகள் எதிர்த்தபின் முதலில் எண் நீக்கப்பட்டது, பிறகு கேளிக்கையே நிறுத்தப்பட்டது. பூங்கா நொடித்துப்போய்விடவில்லை.

நுழைவுக் கட்டணம் இல்லாவிட்டால் பழைய கட்டடங்கள் இடிந்துவிடும் என்பது இன்னொரு வாதம்; இதில் ஓரளவு உண்மை உண்டு. பிலடெல்பியாவின் ஈஸ்டர்ன் ஸ்டேட் பழஞ்சிறை 1991 முதல் ஹாலோவீன் வருவாயைக் கொண்டே பெருமளவு தன்னைக் காத்துவந்தது. ஆனால் அதே சிறை 2014இல் அமெரிக்கச் சிறைவாசிகளின் எண்ணிக்கை பெருகியதைக் காட்டும் பதினாறடி உயர எஃகு வரைபடத்தை முற்றத்தில் நிறுவியது. காசு வாங்கிக்கொண்டு உண்மையையும் சொல்ல முடியும் என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

காட்டின் கதை இன்னும் பழையது. பூர்வகுடிகளின் இடுகாட்டைக் கிளறியதால் பேய் எழுந்தது என்ற கதைக்கரு, 1980இல் வெளியான ‘தி ஷைனிங்’ திரைப்படம் உட்பட, அமெரிக்க அச்சப் புனைவில் திரும்பத் திரும்ப வருகிறது. பேய்க்காடுகளின் பாதையோரத்துப் போலிக் கல்லறைகளும் அந்த மரபில் வந்தவையே. நிலத்தை இழந்தவர் இறந்தபின் நிலத்தைப் பிடித்தவரைத் துன்புறுத்துகிறார் என்பது எவ்வளவு வசதியான தலைகீழாக்கம்! உண்மையில் கிளறப்பட்ட எலும்புகள் யாரையும் துரத்தவில்லை. அவை பல்லாயிரக்கணக்கில் அருங்காட்சியக, பல்கலைக்கழக அலமாரிகளில் எண்ணிடப்பட்டுக் கிடந்தன. அவற்றைத் திருப்பித்தரச் சொல்லும் சட்டமே 1990இல்தான் வந்தது. 2024 சனவரியில் அச்சட்டத்தின் விதிகள் இறுக்கப்பட்டபோது, நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரண்டு பெருங்கூடங்களை மூடியது. அவற்றுள் ஒன்று கிழக்குக் காட்டுநில மக்களுக்கானது. ஆண்டுதோறும் பேய்க்காடுகள் முளைக்கும் அதே கிழக்குக் காடுகள்.

இந்திய நகரங்களின் வணிக வளாகங்களுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் ஹாலோவீன் வந்து சில ஆண்டுகளாகிவிட்டன. அதனுடன் ‘தப்பியோடிய மனநோயாளி’ ஒப்பனையும் வந்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பற்றியபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட முடியாமல் 28 மனநோயாளிகள் இறந்த நாடு இது. மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்ய 2017ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் சங்கிலியை மாட்டிக்கொண்டு படமெடுத்துக்கொள்ளும் மாணவருக்கு அவருடைய பாடத்திட்டம் இதைச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

அச்சத்தை அளக்கும் ஆய்வாளர்கள் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று எளிதானது. பாதை அதுவே, இருட்டும் புகையும் ரம்பமும் அவையே. ஓரிரவு துரத்துபவர் நோயாளிச் சட்டை அணியட்டும். மறு இரவு ஓநாய் முகமூடி போதும். இரு இரவிலும் இதயத் துடிப்பு பதிவாகட்டும். வெளியே வருகிறவரிடம் வழக்கமான கேள்விகளோடு இன்னொன்றும் கேட்கப்படட்டும்: மனநல மருத்துவமனையிலிருந்து மீண்ட நால்வர் உங்கள் தெருவில் வீடெடுத்தால் சம்மதிப்பீர்களா?